நாளைக்காகச் சேர்ப்பது தவக்குலுக்கு முரணா?

அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாளையம்பட்டி, வானம் பார்த்த சீமையைச் சேர்ந்த ஊர். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கரிசலில் விளைச்சல் இல்லை. நூல் விலை ஏறினால் தறிக்காரருக்கு வேலை இல்லை. இத்தகைய ஊர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இன்று 'தனிநபர் நிதித் திட்டமிடல்' என்றொரு பாடத்தையும் படிக்கின்றனர். ரிசர்வ் வங்கியும் ஏனைய நிதி ஒழுங்கு அமைப்புகளும் சேர்ந்து 2013-ல் ஏற்படுத்திய தேசிய நிதிக் கல்வி மையம், கல்லூரி மாணவர்களுக்கென்றே பயிற்சியும் நடத்துகிறது.

பிள்ளை அந்தப் பாடப் புத்தகத்தை வீட்டில் விரித்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "நாளையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்கிறார் அத்தா. "வட்டிக் கணக்கைப் படிப்பதே பாவமில்லையா?" என்கிறார் பாட்டியார். இரண்டும் ஈமானிலிருந்து வரும் கேள்விகள். அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நாளைக்கென்று எதையும் சேர்த்து வைக்கமாட்டார்கள் என்று திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று புகாரியிலும் ஓர் அறிவிப்பு உண்டு. இவை ஒன்றுக்கொன்று முரணானவையா? இல்லை. தமக்கென்று சேர்க்கவில்லை, தம்மை நம்பியிருந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கம் தருகின்றனர். தன் பசியைப் பொறுத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. தன் மனைவி மக்களைப் பசியில் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்ட அவனுக்கு உரிமை இல்லை.

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கரிசல் காட்டு மக்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாண்டு விளைச்சலில் உண்பதற்கு வேண்டியது போக எஞ்சியதைக் கதிரோடு வைத்து, பின்வந்த ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடக்க அவர்கள் வழி சொன்னார்கள். ஒரு நபியே திட்டமிட்டார்கள் என்றால், திட்டமிடுவது நம்பிக்கைக் குறைவாகுமா? குலுக்கையில் விதைத் தானியம் வைத்திருந்த நம் முன்னோர் அல்லாஹ்வை நம்பாதவர்களா?

இனி இரண்டாவது கேள்வி. எட்டு சதவீதக் கூட்டு வட்டியில் பணம் ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்று புத்தகம் காட்டுகிறது. இது கொடுத்தவன் பக்கத்துக் கணக்கு. இதையே வாங்கியவன் பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கட்டும். ஐந்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கியவன் மாதம் 500 கட்டுகிறான். இருபது மாதத்தில் 10,000 கட்டி முடித்த பின்னும், வாங்கிய 10,000 அப்படியே நிற்கிறது! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-ல் சட்டம் வந்தது. இறைமறை வட்டியை என்றோ ஹராமாக்கிவிட்டது. அதன் காரணத்தைக் கண்ணால் காண இந்தக் கணக்கே போதும். வட்டியை அறிவது வேறு, வட்டியை உண்பது வேறு. அறியாதவனே தண்டல்காரனிடம் எளிதில் சிக்குகிறான்.

வட்டி இல்லாமல் சேமிக்க வழி உண்டா? மலேயாவில் கிராமத்து முஸ்லிம்கள் வீட்டில் பணத்தை ஒளித்து வைத்தும், மாட்டையும் நிலத்தையும் விற்றும் ஹஜ்ஜுக்குச் சென்றனர். திரும்பி வந்து வறுமையில் வாடினர். இதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959-ல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து 1963-ல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் பிறந்தது. இன்று அது 'தாபுங் ஹாஜி' என்ற பெயரில் இயங்குகிறது. சிறுகச் சேர்ந்த பணத்தைத் தொழிலில் முதலீடு செய்து லாபத்தைப் பங்கிடுவதே அதன் முறை. கணக்கறிவும் மார்க்கப் பற்றும் ஒருவரிடத்தில் சேர்ந்ததால் விளைந்த நன்மை இது.

ஆனால் பாடப் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. 'உன் பணத்தை எப்படிப் பெருக்குவாய்?' என்று அது கேட்கிறது. மார்க்கமோ, 'உன்னிடம் இருப்பதில் பிறருக்குச் சேர வேண்டியது எவ்வளவு?' என்று முதலில் கேட்கிறது. ஒருவர் மவுத்தானால் அடக்கச் செலவுக்குப் பின் அவர் கடனைத் தீர்க்க வேண்டும்; அதன் பின் வஸிய்யத்; எஞ்சியதே வாரிசுகளுக்கு. இந்த வரிசையை உயிரோடிருக்கும்போதே நாம் ஏன் கைக்கொள்ளக் கூடாது? நாற்பதில் ஒரு பங்கு ஜகாத்தை எந்தத் தேதியில் கணக்கிடுகிறோம்? கொடுக்காமல் நிற்கும் மஹரும் கடன்தானே! அதைத் தம் கடன் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் கணவர்கள் எத்தனை பேர்?

கடனைத் தவணையோடு எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). ஆகவே பெற்றோர்களே, கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு நோட்டைக் கொடுங்கள். முதல் பக்கத்தில் வீட்டுக் கடன்களையும், இரண்டாம் பக்கத்தில் ஜகாத்தையும், மூன்றாம் பக்கத்தில் வரவு செலவையும் எழுதச் சொல்லுங்கள். சேமிப்பு அதற்குப் பின் வரட்டும். கணக்கெழுதுவது நம் கடமை. பரக்கத் அவன் கையில். கடன் சுமையிலிருந்து நம் இல்லங்களை அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.