எவ்வளவு கொடுக்கும்?

ஸ்ரீரங்கத்தில் யார் கார் வாங்கினாலும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அடுத்தது, "பின்னாடி மூணு பேர் தாராளமா உட்காரலாமோ?" இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி பதில் இல்லாத வண்டியை, அதுவும் ஏழெட்டு வருஷம் ஓடியதை, முதல் காராக வாங்க நினைக்கிறவன் பாடு திண்டாட்டம்தான். வேலைக்குப் போய்ச் சேர்த்த ஐந்தாறு லட்சத்தில் சின்னதாகப் புது வண்டியே எடுக்கலாம். வீட்டில் அதைத்தான் சொல்கிறார்கள். அவன் கண்ணோ பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மேல்.

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் இந்த ரகம்தான். வெளியே குடும்ப வண்டி, பானட்டுக்குள் கொஞ்சம் கூடுதல் முறுக்கு. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சான் ஸ்டார்ம் என்ற கார் கோவாவிலிருந்து 1990களின் கடைசியில் வந்தது, எடுபடவில்லை. ஜப்பானின் மாஸ்டா மியாட்டா 1989இல் பிறந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பல நாடுகளில் பழைய மியாட்டாதான் இளைஞர்களின் முதல் ஸ்போர்ட்ஸ் கார். இந்தியாவில் அது விற்பனைக்கே வரவில்லை. பழையதை இறக்குமதி செய்யலாமென்றால் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு அனுமதி இல்லை. அந்தக் குறையைத் தமிழ்நாட்டில் தீர்த்துவைத்தவை ஹோண்டா சிட்டி விடெக், மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர். பிறகு 2013இல் போலோ ஜிடி: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 9.7 விநாடி என்றது கம்பெனி. இந்தியாவில் போலோ உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. இனி வாங்கினால் பழையதுதான்.

சரி, இந்த 105 குதிரைகளை எங்கே ஓட்டுவது? 1976இல் திறந்த காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் ஸ்ரீரங்கத்துக்காரர் திருச்சி டவுனுக்குப் போகவேண்டும். காலை ஒன்பது மணிக்கு அதன்மேல் குதிரையும் ஒன்றுதான், கழுதையும் ஒன்றுதான். நான்குவழிச் சாலைக்குப் போனாலும் காருக்கு உச்ச வரம்பு 100 கிலோமீட்டர். பத்து விநாடியில் அதைத் தொட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது? இவ்வளவு செலவு எதற்கு என்று அப்பா கேட்பதில் தப்பே இல்லை.

பயன் கிடையாதுதான். ஆனால் அந்தக் கேள்வி செல்லுபடியாகாத ஊர் ஒன்று உண்டென்றால் அது ஸ்ரீரங்கம். சித்திரைத் தேர் நிலையிலிருந்து கிளம்பி, நாலு சித்திரை வீதியும் சுற்றி, அதே நிலைக்கு வந்து நிற்கிறது. எந்த ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை. உற்சவத்தில் ஓரிரு நாள் புறப்படுவதற்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் வாகனங்கள் கோயிலில் உண்டு. பெருமாள் வாகனத்தையும் போலோவையும் ஒரே மூச்சில் சொல்வது அபசாரம் என்று மாமாக்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். போய்ச் சேரத்தான் வண்டி என்ற கணக்கை இந்தத் தெருக்காரர்களே பரம்பரையாக ஒப்புக்கொண்டதில்லை.

விடியுமுன் கிளம்பினால் தெரியும். பாலம் காலியாக இருக்கும். கரூர் சாலையில் திரும்பினால் முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியே முக்கொம்பு வரை வலப்பக்கம் காவிரி, இடப்பக்கம் வாழை. சாலை குறுகல், அறுபதுக்கு மேல் போனால் முட்டாள்தனம். ஆனால் இந்த இன்ஜின் 1,500 சுற்றிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடுகிறது. கால் கட்டைவிரலை லேசாக அழுத்தினால், அரை நொடி யோசித்துவிட்டு, முதுகில் யாரோ உள்ளங்கை வைத்துத் தள்ளுவதுபோல் எழும். வேகமானியில் முப்பதுதான் ஐம்பது ஆகியிருக்கும். வாங்கியது அந்த நொடிக்காகத்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதைத் தாண்டாமலே அதை ஒரு காலைப்பொழுது முழுக்க அனுபவிக்கலாம். நிஜமாகவே வேகம் வேண்டுமென்கிறவருக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை பக்கம் கரி ஸ்பீட்வேயிலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. சென்னை பைபாஸ் அதற்கானது இல்லை.

அனுபவிப்பதற்கு முன்னால் வாங்கவேண்டுமே. பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். போனதும் முதல் வேலை, பானட்டில் கை வைப்பது. சுட்டால் விற்கிறவர் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் சத்தத்தில்தான் அதன் ஜாதகம் இருக்கிறது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பானட் கீலின் போல்ட்டில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். சென்னை வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்கக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கவேண்டும். ஷாம்பூ போட்டு சீட்டைக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி ஒரு முழம் நாடாவை மறந்துவிடுவார்கள். சேற்றுக்கோடு அங்கேயே இருக்கும். டிஎஸ்ஜி வண்டியை மெயின்கார்டு கேட் நெரிசலில் அரைமணி நேரம் ஊரவிட்டுப் பார்ப்பது நல்லது. சூடேறிய பிறகு ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கியரை இயக்கும் அதன் மெகட்ரானிக்ஸ் போனால் லட்சக் கணக்கில் பேசுவார்கள்.

பெங்களூரு வண்டி மலிவு என்று ஆசைகாட்டுவார்கள். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபடி சாலைவரி கட்டிய பிறகு மலிவு எங்கே போயிற்று என்று தேடவேண்டும். உள்ளூர் வண்டிக்கு 29, 30ஆம் படிவங்கள், கடன் இருந்தால் 35. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும். அது வண்டிக்குச் சேர்ந்ததில்லை. திருச்சியின் டிஎன் 45 வண்டியை டிஎன் 48 எல்லையிலிருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர் வாங்கினாலும் எண் பலகை மாறாது. இதையும் ஒரு மாமா கேட்பார்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொட்டிவிடுவதுதான் முதல்முறை வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. ஐந்து லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்கு வண்டி போதும். மிச்சம் டயருக்கும் கியருக்கும். புதுசாக எடுத்தவர் ஷோரூம் வாசனைக்கும் தெருவின் கண்ணுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆளுக்கு அந்தப் பாக்கி இல்லை. கீறல் விழுந்தால் தூக்கம் போகாது, மழையில் எடுக்கலாம். கவர் போட்டு மூடி வைக்கிறவர்கள்தான் பரிதாபம்: பாட்டரி இறங்கும், டயர் ஒருபக்கம் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும்.

பூஜைக்குச் சமயபுரமா வயலூரா என்று வீட்டில் தகராறு நடக்கும். பழைய வண்டிக்கும் எலுமிச்சம்பழம் உண்டு. ஆயில் மாற்றிய பில் முதல் வைப்பர் வாங்கிய சீட்டு வரை ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கவேண்டும். மூன்றாவது ஓனர் வந்ததும் முதலில் கேட்கப்போவது அதைத்தான். மைலேஜை அதற்கப்புறம்.