கண்ணாடிக்குப் பாவம் உண்டா?



குசினியில் இருக்கும் கத்தி மரக்கறி வெட்டுகிறது. அதே கத்தி கோபக்காரன் கையில் அயலானைக் குத்துகிறது. கத்திக்குப் பாவம் இல்லை, கைக்கே பாவம் என்று நாம் எல்லோரும் சொல்வோம். அது சரியான விடைதான். ஆனால் முழுமையான விடையா? கத்தியைச் செய்தவனுக்கும், மலிவாக விற்றவனுக்கும், யார் கைக்குப் போகிறது என்று கேளாமல் கொடுத்தவனுக்கும் இதில் பங்கே இல்லையா? இக்கேள்வியை, துப்பாக்கியின் மேல் பூட்டப்படும் ஒரு சிறு தொலைநோக்கியை முன்வைத்து இன்று சிந்திப்போம்.

1930ஆம் ஆண்டில் வில்லியம் வீவர் என்ற இளைஞர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் துப்பாக்கித் தொலைநோக்கி செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். பின்னர் 1933இல் அதை டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகருக்கு மாற்றினார். அதுவரை இத்தகைய கருவி வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. வீவர் செய்த 330 என்னும் மாதிரியோ 19 டொலருக்கு விற்கப்பட்டது. சாதாரண விவசாயியும் தொழிலாளியும் அதை வாங்க முடிந்தது. இதில் நன்மையும் இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. குறி தெளிவாகத் தெரிந்தால், அரைகுறையாகக் காயப்பட்டுக் காட்டுக்குள் ஓடிக் கிடந்து சாகும் மானின் வேதனை குறையும் அல்லவா?

ஆனால் போர் வந்தது. இராணுவத்துக்குத் தொலைநோக்கிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. வேட்டைக்காரனுக்கென்று செய்த அதே வீவர் கருவி, எம்73பி1 என்ற இராணுவப் பெயரைப் பெற்று, 1943 முதல் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளில் பூட்டப்பட்டது. ரெமிங்டன் தொழிற்சாலை அவ்விதமான துப்பாக்கிகளை இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் செய்து கொடுத்தது. கருவியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மாறியது இலக்கு மட்டுமே.

அந்தக் கருவி பொருளை ஏறக்குறைய இரண்டரை மடங்கு மட்டுமே பெரிதாக்கியது. உருப்பெருக்கத்தை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் கூடிய தொலைநோக்கிகளை ஜெர்மன் தொழிற்சாலைகள் 1920களிலேயே செய்திருந்தன. உலகப் போருக்குப் பின்னரே அவை அமெரிக்காவில் பலரும் வாங்கும் பொருளாயின. குழாயின் மேலுள்ள வளையத்தைத் திருப்பினால் உள்ளே வில்லைகள் முன்னும் பின்னும் நகரும். மூன்று மடங்காகத் தெரிந்த உருவம் ஒன்பது மடங்காகும். ரெட்பீல்ட் நிறுவனத்தின் அத்தகைய ஒரு கருவிக்குள் இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. மானின் முதுகிலிருந்து நெஞ்சின் அடிவரை ஏறக்குறைய 18 அங்குலம். அந்த அளவு இரு கோடுகளுக்கும் இடையில் அடங்கும்வரை வளையத்தைத் திருப்பினால் மான் நிற்கும் தூரம் தெரிந்துவிடும்.

1966இல் அமெரிக்க மரைன் படை இந்த ரெட்பீல்ட் கருவியை வியட்நாம் போருக்காக ஏற்றுக்கொண்டது. ஜேம்ஸ் லெதர்வூட் என்ற இராணுவ அதிகாரி அதே வகைக் கருவியை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு போனார். அவருடைய அமைப்பில் கோடுகளுக்கு இடையே அடங்க வேண்டிய அளவு 30 அங்குலம். அது ஒரு மனிதனின் தலை உச்சியிலிருந்து இடுப்பு வரையுள்ள உயரம். அந்த உயரத்தை அடக்கி வளையத்தைத் திருப்பினால், துப்பாக்கியின் ஏற்றமும் தானாகவே சரியாகிவிடும்.

வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். 18 அங்குலம் 30 அங்குலமாயிற்று. மானுக்குரிய அளவு மனிதனுக்குரிய அளவாயிற்று. இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன் தூரம் அளக்கும் ஓர் அளவுகோலாகிவிட்டான்.

மலிவு என்பதன் மறுபக்கத்தையும் உலகம் கண்டது. 1963 நவம்பர் 22ஆம் திகதி ஜனாதிபதி கெனடியைக் கொன்ற பழைய இத்தாலியத் துப்பாக்கி, ஜப்பானில் செய்த தொலைநோக்கியுடன் சேர்த்து 19 டொலர் 95 சதத்துக்குத் தபால் மூலம் வாங்கப்பட்டது. அத்தொலைநோக்கி உருப்பெருக்கம் மாற்றும் வகையைச் சேர்ந்ததன்று. ஆனால் மலிவானது, எவரும் வாங்கக்கூடியது.

அப்படியானால் செய்தவன் குற்றவாளியா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். பாவத்துக்கன்றி வேறெதற்கும் பயன்படாத பொருளைச் செய்வது பாவம். வாளும் அம்பும் போல நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக் கூடியதைச் செய்வது தன்னளவில் பாவமன்று. பெரும்பாலும் தீமைக்கே பயன்படும் பொருளாயின், ஆள்வோர் அதை நாட்டிலிருந்து அகற்ற வேண்டும். இதுவே அவர் கருத்தின் சாரம். இதன்படி வீவரைக் கொலைகாரர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நிலைமை மாறும்போது பொறுப்பும் மாறுகிறது. மானை அளந்த கோட்டை மனிதனை அளக்கும் கோடாகத் தெரிந்தே மாற்றுகிறவன், நான் வெறும் கண்ணாடி செய்பவன் என்று கை கழுவ முடியாது. வாங்குவோன் யார் என்று பாராமல் விற்பவனும், விற்க அனுமதிக்கும் அரசும் அப்படியே.

இனி, கண்ணாடியின் பின்னால் இருக்கும் கண்ணைப் பற்றிச் சிந்திப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், மரக்கிளையில் அமர்ந்து குறிபார்க்கும் வீரனை வரைந்து புகழ்பெற்றவர் ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். 1862 ஏப்ரலில் யோர்க்டவுன் முன்னே அத்தகைய துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கியினூடாக அவர் பார்த்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து 1896இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இராணுவத்தில் தாம் அறிந்தவற்றுள் கொலைக்கு இவ்வளவு நெருங்கியது வேறெதுவும் இல்லை என்று தமக்குத் தோன்றியதை நினைவுகூர்ந்தார். ஒருமுறை பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. குண்டு வீசுபவன் முகம் தெரியாத நூறு பேரைக் கொல்கிறான். இவன் கண்டறிந்த ஒருவனை மட்டுமே சுடுகிறான். ஆகவே இவனே மேல் என்பர். நியாயமான தற்காப்பைத் திருச்சபையும் மறுப்பதில்லை. ஆனால் அந்த வாதமே இவன் சுமையைக் கூட்டுகிறது. தொலைவில் நிற்பவன் சிறுவனா, ஆயுதமற்றவனா, கை உயர்த்திச் சரணடைகிறவனா என்பதை அவனுடைய கண்ணாடி காட்டுகிறது. தெரியாமல் செய்தேன் என்ற சாட்டு அவனுக்கு இல்லை. எவ்வளவு தெளிவாகக் காண்கிறோமோ, அவ்வளவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களாகிறோம்.

எரிக்கோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மூவர் கண்டார்கள். மூவருக்கும் கண் தெரிந்தது. ஒருவனுக்கே மனம் இரங்கியது. வில்லை உருவத்தைப் பெரிதாக்கும், இரக்கத்தைப் பெரிதாக்காது. அது மனச்சாட்சியின் வேலை.

நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுகிறீர்களா? பெயர் போடாமல் மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் மறைந்திருந்து சுடுகிறவன் அல்லவா? வேலிக்கு மேலால் அயல்வீட்டின் குறையை ஒன்பது மடங்காக்கிப் பார்த்துவிட்டு, நம் குறை வரும்போது வளையத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வதில்லையா? இன்றிரவு செபத்துக்குப் பின் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்: இந்தக் கிழமை நான் யாரைக் குறிபார்த்தேன்? அவருடைய முகத்தை உண்மையாகவே கண்டேனா?