மவ்லா என்னும் சொல்

அரபு மொழியில் ‘மவ்லா’ என்னும் சொல் அடிமையை விடுவித்தவரையும் குறிக்கும். விடுதலை பெற்றவரையும் குறிக்கும். விடுதலையானவர் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டால், அதற்குரிய ஈட்டுத் தொகையை விடுவித்தவரின் குலத்தார் செலுத்த வேண்டும் என்பர் சட்ட நூலார். விடுவித்ததோடு பொறுப்புத் தீர்வதில்லை.

இலங்கைப் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியை நினைக்குங்கால் இச்சொல் நம்மை உறுத்துகிறது. அங்கு வாழும் சில குடும்பத்தாரின் முன்னோர் ஆப்பிரிக்கர்; ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிப் படையிற் சேர்த்தோர் அவர்களுட் பலர். 1803ஆம் ஆண்டுக் கண்டிப் போரில் ஆங்கிலேயருக்காகப் பொருதனர். கண்டி மன்னர் பக்கமும் அவ்வினத்தார் நின்றனர். யாருடைய மண்ணுக்காக யார் மடிந்தது? சீருடையும் சம்பளமும் பெற்றோரை அடிமைகள் எனலாமா என்று கேட்பார் உளர். ‘மாட்டேன்’ என்று சொல்ல இயலாதவன் கையில் துப்பாக்கி இருந்தாலென்ன, மண்வெட்டி இருந்தாலென்ன? அத்தீவில் அடிமை முறை 1844இல்தான் ஒழிந்தது. படையினின்று நீங்கியோர் பிறந்த மண்ணுக்கு மீளவில்லை, புத்தளத்திலேயே குடியமர்ந்தனர். அவர்தம் போர்த்துகீசியக் கலப்பு மொழி இன்று ‘மாஞ்சா’ப் பாடல்களில்தான் எஞ்சியுள்ளது.

நம்மவர் உடனே மாலிக் அம்பரைக் காட்டுவர். எத்தியோப்பியாவிற் பிறந்து, பாக்தாதில் விற்கப்பட்டு, பின்னர் அகமதுநகர் அரசையே நடத்தி 1626இல் மறைந்தவர். பெருமைதான். ஆனால் அவர் படையிலும் விலைக்கு வாங்கப்பட்ட ஹபஷிகள் இருந்தனரே!

சிரம்பியடியாரைக் ‘காப்பிரி’ என்பர். கத்தோலிக்கரான அவர்களுக்கு வாய்த்த அப்பெயர், அரபு வணிகரின் ‘காஃபிர்’ என்னும் சொல். போர்த்துகீசியர் அதைக் கைக்கொண்டனர்.