மூப்பு நீங்கிய இல்லறம்

மணியாச்சியைச் சூழ்ந்த கரிசற்பூமி கோடையிற் கால் புகுமளவு வெடித்துக் கிடக்கும். அயலூரார் அதனைக் காணின் பாழ்நிலமென்றே கருதுவர். அந்நிலத்து உழவரோ அவ்வெடிப்பைக் கண்டு வருந்துவதில்லை. மேற்பரப்பின் புழுதி வெடிப்பினுள் விழும். ஐப்பசி கார்த்திகை மழைநீர் அவ்வழியே ஆழச் செல்லும். ஈரம் பெற்ற மண் பருத்துத் தானே பிளவை மூடிக்கொள்ளும். இங்ஙனம் ஆண்டுதோறும் கீழ்மேலாய்ப் புரண்டு தன்னைத்தானே உழுதுகொள்வது கரிசல் என்பர் மண்ணியல்பு ஆராய்ந்தோர். பருத்தியும் கம்பும் உளுந்தும் அதிலே விளைகின்றன. நெடுநாள் நிகழும் இல்லறத்துக்கு இந்நிலம் ஏற்ற உவமையாம். பிளவு நேர்தல் இல்லறத்துக்குக் கேடன்று. நேர்ந்த பிளவின்மேல் மண்ணிட்டு மெழுகிப் பிளவே இல்லையெனக் காட்டுதல் எவ்வளவிற்குத் தகும் என்பதே ஆராயற்பாலது.

முப்பது நாற்பதாண்டு ஒருங்கு வாழ்ந்த கணவன் மனைவியரிடத்து அன்பு பழமையுறாது நிற்றல் எதனால்? பழக்கத்தால் என்பர் சிலர். மக்கட்பேற்றால் என்பர் சிலர். பொறுமையால் என்பர் பலர். இவ்வினாவுக்கு விடையாக நிற்பது, 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துள் திருநீலகண்ட நாயனார் சரிதம்.

தில்லையிலே வேட்கோவர் குலத்துதித்து, அடியார்க்குத் திருவோடு அளித்தலையே தொண்டாகக் கொண்ட இந்நாயனார், இளமை மயக்கால் ஒருநாள் பரத்தைபாற் சென்று மீண்டார். அம்மையார் மனையறத்துக்குரிய பிறவெல்லாம் குறைவறச் செய்தும் உடனுறைவுக்கு இசைந்திலர். நாயனார் அணுகியபோது, அவர் தம் உயிரினும் மேலாகப் போற்றும் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தனர். ஆணையில் ‘என்னை’ என்னாது ‘எம்மை’ என்றமையால், ஏனை மாதரையும் மனத்தினும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டனர். சினத்தில் எழுந்த ஒரு பன்மைச் சொல்லைத் தமக்கு எளிதாகச் சுருக்கிக்கொள்ளாமல், பெரிதாக விரித்துக்கொண்ட இந்நேர்மை வியக்கத்தக்கது. ஆணையை வழக்காடி வெல்லும் கணவரே உலகிற் பலர்.

அன்றுமுதல் ஒரே இல்லத்தில் இருவரும் தீண்டாது வாழ்ந்தனர்; அயலார் எவரும் அறிந்திலர். இளமை கழிந்து மூப்பும் வந்தது.

அற்றேல், இருவரும் ஒருவர்க்கொருவர் ஒன்றும் மறைத்திலரே. பின் குறை யாது எனின், அதனை இறைவன் திருவிளையாட்டே காட்டுகின்றது. சிவயோகியாய் எழுந்தருளித் தாம் அடைக்கலமாகத் தந்த ஓட்டை மறையச் செய்து, பின் வந்து வேண்டினர். ஓடு காணப்பட்டிலது. களவாடவில்லையேல் மகனைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்குக என்றனர். நாயனார்க்குப் புதல்வன் இல்லை. எனின், மனைவியின் கையைப் பற்றி மூழ்குக என்றனர். எங்களுள் ஒரு சபதம் உண்டு, அஃது இயலாது என்றனர் நாயனார். வழக்குத் தில்லைவாழந்தணர் அவைக்குச் சென்றது. அவர்களும் மூழ்குதலே தக்கதென்றனர். அந்நிலையில் ஒரு மூங்கிற்கோலின் இருதலையையும் இருவரும் பற்றிக்கொண்டு, திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தில் இறங்கினர்.

இம்மூங்கிற்கோல் ஊன்றி நோக்கத்தக்கது. ஆணையும் பிழையாமல், மறையும் வெளிப்படாமல், கேட்டோர்க்கும் விடை கூறியதுபோல அமைவது அது. நெடுங்கால இல்லறங்கள் பலவற்றில் இத்தகைய கோல் ஒன்று இருவர்க்கும் நடுவே உண்டு. மகளின் திருமணம், வயற்கணக்கு, உறவினர் வீட்டுச் சடங்கு என்று ஏதேனுமொன்றின் இருதலையையும் பற்றிக்கொண்டு, காண்போர் கைப்பற்றி நிற்பதாகவே எண்ணும்படி நிற்கின்றனர். கோல் இழிந்ததன்று, பல குடும்பங்கள் குலையாது நிற்றல் அதனாலேயே. எனினும் சிவயோகியார் அதனை ஏற்றிலர். கையைப் பற்றியே மூழ்குக என்றனர்.

அப்பொழுதுதான் நாயனார், உலகத்தார் கேட்கப் பண்டைச் செய்தியைக் கூறினர். கூறியது தம் செயலையே என்பது கருதத்தக்கது. மனைவி ஆணையிட்டாள் என்று அவர்மேற் பழி வைத்தல் எளிது. அதனை அவர் செய்திலர். கூறி மூழ்கினர். அதன்பின்னும் கைப்பற்றினர் என்று சேக்கிழார் கூறிற்றிலர். ஆணை ஆணையாகவே நின்றது. மறைப்பு ஒன்றே நீங்கிற்று. எழுந்தபோது மூப்பு இல்லை. தில்லையில் அத்தலம் இன்றும் இளமையாக்கினார் கோயில் என்றே வழங்கும்.

இல்லத்து மறையை அவையிற் கூறல் நாணின்மையன்றோ எனின், அற்றன்று. வினவுவார் இல்லாதபோது மறைத்தல் நாண். அடைக்கலப் பொருள்பற்றி வழக்கு நேர்ந்து, விடையிறுக்கும் கடமை வந்த பின்னர் மறைத்தல் வாய்மைக்குக் குறை. ஒவ்வொரு மனையும் தன் பூசலைத் தெருவிற் கூவவேண்டும் என்பது இதன் கருத்தன்று. இருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனில் விளக்கும் சித்தாந்த உண்மை. பல்லாண்டு மறைத்த ஒன்றும் அத்தன்மைத்தே. மறைக்கின்றோம் என்னும் நினைவே நாளடைவில் மறைத்தார்க்கு இல்லையாம்.

இதற்கு மாறாகப் பரமதத்தன் செயல் நோக்குக. மாங்கனியின் அற்புதங்கண்டு மனைவியாரைத் தெய்வமென அஞ்சினான்; அவ்வச்சத்தை அவரிடமோ உறவினரிடமோ ஒரு சொல் உரைத்திலன். வாணிகம் என்று கப்பலேறிப் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொருத்தியை மணந்து, பெற்ற மகளுக்கு முதல் மனைவியார் பெயரையே இட்டான். அன்பு இல்லாமையால் அன்று. சொல்லவேண்டிய நாளிற் சொல்லாமையால், மகளை அழைக்குந்தோறும் மனைவியை அழைப்பவன் ஆயினான்.

நாயனாரின் மனைவியார் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். குளக்கரையிற் கணவர் தம் பிழையை எடுத்துரைத்தபோது, இத்தனையாண்டும் அயலறியாது காத்த தம் புண்ணும் உடன் வெளிப்படுதலை அவரும் கேட்டு நின்றனர். கோலின் மறுதலை அவர் கையில் இருந்தது. அதனை விடாது அவரும் உடன் மூழ்கினர்.