சுவரேறிப் பார்க்காதீர், வாசலில் நின்று கேளுங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



சிராங்கூன் ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கடை வைத்திருக்கும் நம்மிடம் ஜனங்கள் சரக்கு மட்டும் கேட்பதில்லை, யோசனையும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளில் இக்காலத்தில் அடிக்கடி காதில் விழுவது ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்ற தகப்பனார், "பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை டேட்டிங் ஆப்பில் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்ல ஆள் உண்டா?" என்கிறார். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கும் கணவனைப் பற்றி மனைவி கேட்கிறாள். ஊரில் மனைவியை விட்டுவிட்டு இங்கே தொழில் செய்யும் கணவன், அவளைப் பற்றிக் கேட்கிறான்.

டேட்டிங் ஆப் என்பது யாதெனில், முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் தத்தம் படத்தையும் வயதையும் போட்டு ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் செயலி. 2012-ல் டின்டர் வந்தபின் இவை உலகெங்கும் பெருகிவிட்டன. இவற்றில் உள்ள கெடுதியைச் சொல்வது நமது இன்றைய நோக்கம் அன்று. மணமானவருக்கு அங்கே வேலை இல்லை என்பது யாவரும் அறிந்ததே. நாம் சொல்ல வந்தது வேறு. ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க நாம் போகிற வழி ஹலாலா, ஹராமா? இதைக் கேட்பார் இல்லை.

திருமறையின் 49-வது அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தில், 12-வது வசனத்தில் அல்லாஹு தஆலா முஃமின்களை அழைத்து மூன்று காரியங்களைத் தடுக்கிறான். முதலாவது, சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகச் சொல்கிறான். இரண்டாவது, பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறான். இதற்கே அரபியில் தஜஸ்ஸுஸ் என்று பெயர். மூன்றாவது, புறம் பேசுவதைத் தடுக்கிறான். இந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் வேவு பார்க்கச் சொல்கிறது. வேவு பார்த்துக் கிடைத்தது வயிற்றில் தங்காது. அது புறமாக வெளியே வந்தே தீரும். முதற்படியில் காலை வைத்தவன் மூன்றாம் படியில் விழாமல் இருப்பது அரிது.

இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் சம்பவம் ஒன்று உண்டு. கலீஃபா அவர்கள் இரவில் மதீனா நகரைச் சுற்றி வரும்போது ஒரு வீட்டில் தகாத சத்தம் கேட்டது. சுவரேறி உள்ளே குதித்துப் பார்த்தால், அங்கே ஒருவன் மதுவும் அந்நியப் பெண்ணுமாக இருக்கிறான். கலீஃபா அவர்கள் அவனைக் கண்டித்தார்கள். அவன் சொன்ன பதில் வியப்பானது: "அமீருல் முஃமினீன் அவர்களே! நான் செய்தது ஒரு குற்றம். தாங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராயாதே என்று இறைவன் சொல்லியிருக்கத் தாங்கள் ஆராய்ந்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியாக வரும்படி அவன் சொல்லியிருக்கச் சுவரேறி வந்தீர்கள். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழையச் சொல்லியிருக்க, இரண்டும் இல்லாமல் நுழைந்தீர்கள்." பாரசீகத்தையும் ரோமாபுரியையும் நடுங்கவைத்த உமர் (ரலி) அவர்கள் அந்தச் சொல்லுக்குத் தலை சாய்த்தார்கள். "நான் உன்னை மன்னித்தால் நீ திருந்துவாயா?" என்று கேட்டு, அவன் சம்மதிக்கவே, அவனை விட்டுத் திரும்பினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதன் நிரபராதி அல்லன். கையும் களவுமாகப் பிடிபட்டவன். அப்படியிருந்தும் சுவரேறியது சரியாகிவிடவில்லை. "சந்தேகப்பட்டேன், பார்த்தேன், உண்மையாக இருந்தது, ஆகவே நான் பார்த்தது நியாயம்தானே?" என்று வாதாடுகிறவர்களுக்கு இதிலே விடை இருக்கிறது.

இன்றைய சுவர்கள் எவை? மனைவி உறங்கும்போது அவள் விரலை எடுத்துக் கைப்பேசியைத் திறப்பது ஒரு சுவர். பொய்ப் பெயரும் பிறர் படமும் போட்டு நாமே அந்தச் செயலிக்குள் புகுந்து, மாப்பிள்ளை வலையில் விழுகிறாரா என்று தூண்டில் போடுவது இன்னொரு சுவர். அதிலே பொய்யும் ஏமாற்றும் கூடச் சேர்கின்றன. காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறோம் என்பவர்களிடம் பெயரையும் படத்தையும் கொடுப்பது மூன்றாவது. 2016-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு வியாபாரம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 5 டாலர் கொடுத்தால், இன்னார் டின்டரில் இருக்கிறாரா என்று மூன்று முறை தேடிப் பார்க்கலாம். சந்தேகத்தையே சரக்காக்கித் தட்டில் வைத்து விற்றார்கள்!

தொழில் நிமித்தம் பயணம் போகும் நமக்கென்றே ஒரு ஹதீஸ் இருக்கிறது. பயணத்திலிருந்து திரும்புகிறவன், குடும்பத்தார் மீது சந்தேகம் கொண்டு, அவர்களின் தவறைப் பிடிப்பதற்காக அறிவிப்பின்றி இரவில் வீட்டுக்கு வருவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தன் சொந்த வீடு, தன் சொந்த மனைவி. அங்கேயே இந்தத் தடை! நள்ளிரவில் ஊருக்கு வீடியோ கால் போட்டு, "கேமராவைத் திருப்பு, அறை முழுவதையும் காட்டு" என்று கேட்கிற சகோதரர்கள் இந்த ஹதீஸை ஒரு முறை சிந்தித்துப் பார்க்கட்டும்.

நிற்க. சுவரேறிக் கிடைப்பது உண்மைதானா? நாம் வியாபாரிகள். கையெழுத்தில்லாத பில்லுக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. ஒரு பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் எவ்வளவு பெறும் என்பதை ஒரு நடப்பைக் கொண்டு பார்ப்போம்.

மணமானவர்கள் கள்ள உறவு தேடுவதற்கென்றே கனடாவில் நடத்தப்பட்ட தளம் ஆஷ்லி மேடிசன். அது சிங்கப்பூருக்கு வர முயன்றபோது, 2013 நவம்பரில், இங்கிருந்த ஊடக வளர்ச்சி ஆணையம் அதைத் தடுத்து நிறுத்தியது. 2015 ஜூலையில் அத்தளத்தினுள் திருடர்கள் புகுந்தார்கள்; ஆகஸ்டில் 3 கோடிக்கும் அதிகமான கணக்குகளின் விவரங்களை உலகறியக் கொட்டினார்கள். உடனே பல நாடுகளிலும் கணவன் பெயரை மனைவியும், மனைவி பெயரை கணவனும், முதலாளி பெயரைத் தொழிலாளியும் தேடினார்கள். பெயர் கண்டவர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டமும் கிளம்பியது.

பிறகு வெளிவந்தவை என்ன? அத்தளம், கணக்குத் தொடங்குகிறவரின் மின்னஞ்சல் முகவரி அவருடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளவில்லை. யாரும் யார் முகவரியையும் போட்டிருக்கலாம். பெண்கள் என்று காட்டப்பட்டவற்றில் பல, நிறுவனமே உண்டாக்கிய பொய்க் கணக்குகள். எல்லாவற்றிலும் பரிதாபம் ஒன்று உண்டு. தவறை உணர்ந்து, 19 டாலர் கட்டணம் செலுத்தி, "என் விவரங்களை அழித்துவிடுங்கள்" என்று கேட்டவர்களின் விவரங்களும் அழிக்கப்படாமல் அங்கேயே கிடந்தன.

சகோதரர்களே! அடியான் தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏட்டிலிருந்து பாவத்தை அழித்துவிடுகிறான். கூலி வாங்கிய கம்பெனியோ அழிக்கவில்லை. அந்தக் கம்பெனியின் ஏட்டை நம்பி, அல்லாஹ் மன்னித்துவிட்ட ஒருவரை நாம் தண்டிப்பதா? மணத்துக்கு முன் போட்ட கணக்கு நீக்கப்படாமல் கிடக்கலாம். கைப்பேசியிலிருந்து செயலியை எடுத்துவிட்டாலும் கணக்கு தானாக அழிவதில்லை. ஒருவர் படத்தை மோசடிக்காரன் திருடிப் போட்டிருக்கலாம். இத்தனை "லாம்"களின் மேல் ஒரு குடும்பத்தின் வாழ்வையும் சாவையும் நிறுத்துவது எந்த நியாயம்?

நாட்டுச் சட்டத்தையும் மறக்கலாகாது. சிங்கப்பூரின் கணினி முறைகேட்டுச் சட்டம் 1993 முதல் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணக்கில் புகுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கக்கூடும். கணவன் மனைவி என்பதால் மட்டும் அனுமதி உண்டாகிவிடாது. கிடைத்ததைப் படமெடுத்து, அவமானப்படுத்துவதற்காக வாட்ஸ்அப் குழுவில் பரப்பினால், தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் குறுக்கே நிற்கும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை! வாசலில் நின்று கேளுங்கள் என்கிறோம். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அம்மையாரை முஆவியா (ரலி) அவர்களும் அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டார்கள். அம்மையார் நாயகம் (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்க, ஒருவர் பொருள் இல்லாதவர் என்றும், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றும் ஒளிக்காமல் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி அருளினார்கள். நிக்காஹுக்கு முன் விசாரிப்பது புறம் ஆகாது. விசாரிக்கப்பட்டவர் உண்மையைச் சொல்வதும் புறம் ஆகாது. இது அமானிதம்.

ஆகவே பெண்ணைப் பெற்றவர், மாப்பிள்ளையின் முதலாளியிடம் கேளுங்கள். கூட வேலை செய்பவரிடமும், கூடத் தங்கியிருப்பவரிடமும், அவர் தொழும் பள்ளிவாசலின் இமாமிடமும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாப்பிள்ளையை உட்காரவைத்து, "தம்பி, இப்படிப்பட்ட செயலிகளில் கணக்கு இருக்கிறதா? இருந்தால் முடித்துக்கொள்ளச் சம்மதமா?" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். மணமாகாத வாலிபர் நிக்காஹ் நாடி, வலிக்குத் தெரிவித்து, முஸ்லிம்களுக்கென உள்ள செயலியில் துணை தேடியிருந்தால் அதை மானக்கேடாக எண்ண வேண்டியதும் இல்லை. பெண்ணிடமும் இதே கேள்வியை, இதே மரியாதையுடன் கேட்கலாம். கேட்கத் தகுந்த நேரம் இதுவே. கேட்க வெட்கப்பட்டு நிக்காஹை முடித்துவிட்டு, பிறகு திருட்டுத்தனமாகத் தேடுவது முறை அன்று.

மணமானபின் சந்தேகம் வந்தால்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகள் பழி சுமத்தி, ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனா முழுவதும் அந்தப் பேச்சாக இருந்தது. அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஆள் வைத்து வேவு பார்க்கவில்லை. அருகிலிருந்து அறிந்தவர்களை வெளிப்படையாக விசாரித்தார்கள். பின்பு அன்னையாரிடமே வந்து, குற்றமற்றவராயின் அல்லாஹ் அதை வெளிப்படுத்துவான், தவறியிருந்தால் தவ்பாச் செய்து கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட நேரில் பேசினார்கள். அன்னையாரின் தூய்மையை அறிவித்து ஸூரத்துந் நூரின் வசனங்கள் இறங்கின. அதே அத்தியாயத்தில், நான்கு சாட்சிகள் இல்லாமல் பத்தினிப் பெண் மீது பழி சொல்கிறவனுக்கு 80 கசையடி என்றும் இறங்கியிருக்கிறது. சாட்சி இல்லாத கணவனுக்கு வழி என்ன? சபையில் வந்து அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்வதே வழி, சுவரேறுவது அன்று.

ஆனால், பொறுத்துக்கொண்டு வாய்மூடி இரு என்று நாம் எந்தச் சகோதரிக்கும் சொல்லவில்லை. தேடாமலே தவறு கண்முன் வந்துவிட்டால் அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. வீட்டுப் பணம் கரைகிறது, உடல்நலத்துக்கு ஆபத்து வருகிறது என்றால் கேட்பது கடமையும் ஆகும். கணவனிடம் கேள். அவன் மழுப்பினால், இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது ஸூரத்துந் நிஸா. அதுவும் பலிக்காவிட்டால் 1958 முதல் இந்நாட்டில் ஷரீஅத் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே ஆலோசனை பெறவும் ஏற்பாடு இருக்கிறது. இவையெல்லாம் வாசல்கள்.

சந்தேகப்படுகிறவருக்கு இவ்வளவு சொன்னோம். சந்தேகத்துக்கு இடம் கொடுப்பவருக்கும் ஒரு சொல். நாயகம் (ஸல்) அவர்கள் இஃதிகாபில் இருந்தபோது காண வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்பச் சென்றார்கள். இரண்டு அன்ஸாரிகள் கடந்து போனார்கள். அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் ஸஃபிய்யாதான் என்று நாயகம் (ஸல்) அவர்களே தெரிவித்தார்கள். அல்லாஹ்வின் தூதரை யார் சந்தேகிப்பார்? ஆயினும் ஷைத்தானுக்கு இடம் வைக்கவில்லை. நாமோ மனைவி அருகில் வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டு, "என்னை நம்பவில்லையா?" என்று சீறுகிறோம். மணமானவர்களே! பழைய கணக்கு ஏதும் இருந்தால் இன்று இஷாவுக்குள் அதை முறைப்படி நீக்கிவிடுங்கள். மனைவி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். திறந்த வாசல் உள்ள வீட்டில் யாரும் சுவரேற வேண்டியதில்லை.

கடைக்காரர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. "இன்னார் மகன் ஆப்பில் இருக்கிறானாம்" என்று கல்லாவுக்கு முன்னால் யாராவது தொடங்கினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவோம். ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, ஸைனப் (ரலி) அவர்கள் தம் காதையும் கண்ணையும் காத்துக்கொண்டு, நல்லதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்றார்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான். பிறர் குறையைத் தேடித் திரிபவரை, அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அல்லாஹ் வெளிப்படுத்திவிடுகிறான் என்பது ஹதீஸ்களின் கருத்து. நம்மில் யாருடைய கைப்பேசியை, யாருடைய கணக்குப் புத்தகத்தை, யாருடைய இளமைக் காலத்தைத் திறந்து காட்டினால் நாம் தலைநிமிர்ந்து நடக்க முடியும்? அல்லாஹ் போட்டிருக்கும் திரையினால் அன்றோ நாம் கண்ணியமாக நடமாடுகிறோம்!

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் ஸலாமத்தையும் உள்ளங்களில் நல்லெண்ணத்தையும் தந்தருள்வாயாக. கேட்க வேண்டியதை நேரே கேட்கும் துணிவையும், கேட்டால் உண்மை சொல்லும் நாவையும் எங்களுக்குத் தருவாயாக. எங்கள் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.