மெலியாரை வருத்தும் மாணாக்கரும் அவர்தம் இல்லமும்

மாணாக்கருள் வலியான் ஒருவன் மெலியான் ஒருவனைப் பலர் நடுவே பட்டப்பெயர் சொல்லி இழித்தலும், அவன் உணவையும் புத்தகத்தையும் பறித்தலும், இக்காலத்திலே கைத்தொலைபேசியில் அவன் படத்தைக் கேலிச்சொற்களோடு பலர்க்கும் அனுப்பி அவனை நாணச் செய்தலும் பாடசாலைகளில் நிகழ்வனவாம். இவை வெளிப்பட்டவழி, "வீட்டில் வளர்த்த வளர்ப்பு" என்கின்றனர் உபாத்தியாயர். "பள்ளிக்கூடத்திற் பழகிய பழக்கம்" என்கின்றனர் தாய்தந்தையர். இரு கூற்றினும் உண்மை சிறிது உண்டு. ஆயினும் இரண்டும் தத்தம்மேல் வரும் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றும்பொருட்டே பெரும்பாலும் சொல்லப்படுதலின், அவ்வுண்மை பயன்படாதொழிகின்றது. வளர்ப்புக்கும் இக்கொடுமைக்கும் உள்ள தொடர்பு யாது, அதனை அறிந்த உபாத்தியாயர்க்கு உரிய கடன் யாது என்னும் இரண்டையும், முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலைகளை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், சிறுவர் சண்டை அனைத்தும் இக்கொடுமை ஆகா. ஒத்த வலியுடைய இருவர் விளையாட்டிடத்து மோதிக்கொண்டு மறுநாட் கூடி விளையாடுதல் இயல்பே. உளநூலாராகிய டான் ஒல்வேயஸ் என்பார் இக்கொடுமைக்கு மூன்று இலக்கணங் கூறினார்: துன்புறுத்துங் கருத்து, அது பலகாலும் நிகழ்தல், செய்வானுக்கும் படுவானுக்கும் இடையே வலிமை ஒவ்வாமை என்பன. 1982ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வே தேசத்து வடபாகத்திலே மூன்று சிறுவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள, அதற்கு உடன்மாணாக்கர் செய்த கொடுமையே காரணமென்று கருதப்பட்டமையால், 1983இல் அவ்வரசு நாடெங்கும் பாடசாலைகளில் இதனைத் தடுக்க முற்பட்டது. அதற்குமுன் இதனைப் பிள்ளை விளையாட்டென்று விட்டவர் அங்கும் பலர்.

இனி வளர்ப்பு. அமெரிக்க உளநூலாராகிய டயானா பௌம்றிண்ட் அம்மையார் 1960களிலே பெற்றோரை மூவகைப்படுத்தினார். காரணங் கூறாது ஆணையிட்டு அடக்குவார் ஒருவகையார். அன்புடையராயினும் வரம்பிடாது விடுவார் ஒருவகையார். வரம்பும் இட்டு, அதன் காரணமுங் கூறி, பிள்ளை சொல்வதையும் செவிக்கொள்வார் ஒருவகையார். வரம்பும் இன்றிப் பரிவும் இன்றிக் கைவிடுவார் என்னும் நாலாம் வகை 1983இல் வேறிருவராற் சேர்க்கப்பட்டது. பிறரை வருத்தும் பிள்ளைகள் முதல்வகை இல்லத்தும் நாலாம்வகை இல்லத்தும் மிகுதியாகவும், செவிக்கொள்வார் இல்லத்துக் குறைவாகவும் காணப்படுவர் என்று பின்வந்த ஆராய்ச்சிகள் பலவுங் கூறுகின்றன. வருத்தப்படும் பிள்ளையும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பன்று. 2013இல் இங்கிலாந்திலே 70 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோர், அடியும் புறக்கணிப்பும் மாத்திரமன்றி, ஒன்றையுந் தானே செய்யவிடாது பொத்திப் பொத்தி வளர்த்தலும் பிள்ளை வருத்தப்படுதலோடு தொடர்புடையது என்று கண்டனர். இவையெல்லாம் பெரும்பான்மை பற்றிய கூற்றுக்கள். தொடர்பும் அத்துணைப் பெரிதன்று. கடுந்தந்தைக்குச் சாந்தனான மகனும், பொறுமையுள்ள தாய்க்கு முரடனான மகனும் உளராதலை நாமே கண்டிருக்கின்றோம்.

ஈண்டு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. மெலியானை ஒறுக்கப் புகுவோன், தான் வலியானொருவனுக்கு அஞ்சிய காலத்தை எண்ணிப்பார்த்தல் வேண்டுமென்பது திருவள்ளுவர் அருளுடைமை அதிகாரத்தின் முடிவிலே வைத்த கருத்து. அங்ஙனமாயின், நாடோறும் வீட்டிலே வலியார்முன் நடுங்கி நிற்கும் பிள்ளையன்றோ மெலியார்மாட்டு அருள் மிக்கவனாதல் வேண்டும்? அவ்வாறாகாமை என்னை? எனின், அச்சத்தை அறிந்த அளவானே அருள் பிறவாது. அன்பினின்றே அருள் பிறக்கும் என்பதும் அந்நூலின் துணிபாம். பிள்ளை அஞ்சியபோது அவ்வச்சத்தை ஒருவர் கண்டு, "பயந்துபோனாயோ?" என்று கேட்டுத் தேற்றியதுண்டாயின், பிறன் முகத்தில் அச்சத்தைக் காணுங்கால் அஃது இன்னதென்று அப்பிள்ளை அறிவான். கேட்பாரின்றி அடிபட்டவனோ வேறொரு பாடத்தைக் கற்கின்றான்: அடிப்பான் நிலை, அடிபடுவான் நிலை என உலகில் இருநிலையே உண்டு, இயலுமாயின் முன்னதிற் சேர்தல் நலம் என்பது அது. கைவிடப்பட்ட பிள்ளையும் இதற்கு அணித்தாகவே கற்கின்றான். தன் துன்பத்தை ஒருவருங் காணாமையால், பிறர் துன்பமும் காணவேண்டாத ஒன்றாய் அவனுக்குத் தோன்றுகின்றது.

"நம் முன்னோர் அடித்தே வளர்த்தனர், 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியும் உண்டு, மேல்நாட்டார் கணக்கு நமக்குப் பொருந்தாது" என்பாரும் உளர். இத்தடையை எளிதிற் தள்ளுதல் தகாது. சீனம், இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்னும் ஆறு நாடுகளில் நிகழ்த்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, அடித்தல் வழக்கமென்று கொள்ளப்படும் இடங்களில் அதனோடு தொடர்ந்த கேடு குறைந்திருந்தமையைக் காட்டிற்று. ஆயினும் அவ்விடங்களிலும் மிகுதியாய் அடிபட்ட பிள்ளைகளே பிறரைத் தாக்குதலும் மனங்கலங்குதலும் மிகுதியாய் உடையராயினர். தடை கூறினார் பாதி வென்றார், பாதி தோற்றார். பழமொழியோ மாட்டுக்கே உரியது. ஏர் இழுப்பதோடு மாட்டின் கல்வி முடியும். பிள்ளையோ பின்னொருநாள் தானும் ஒரு தந்தையாவான்.

நிற்க. முல்லைத்தீவின் நிலையை நோக்குவாம். 2004 டிசம்பர் 26இல் அக்கரையைக் கடல் வாரிக்கொண்டது. 2009இலே போரின் இறுதி மாதங்களில் அங்குள்ள சனங்கள் ஊரூராய் இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் வைக்கப்பட்டனர். இன்று நம் வகுப்புக்களில் இருக்கும் பிள்ளைகள் அதன்பின் பிறந்தவர். அவர்தம் தாய்தந்தையர் பலர் அந்நாளில் இளையர். பதுங்குகுழிக்கு வெளியே நின்ற பிள்ளையைக் காதைப் பிடித்து உள்ளே இழுத்த தாயின் கடுமை கொடுமையன்று. அதுவே உயிர் காத்தது. காரணங் கூறிக்கொண்டிருத்தற்கு அப்பொழுது நேரம் ஏது? ஆபத்து நீங்கியபின்னும் அக்கடுமை கைப்பழக்கமாய் நின்றுவிட்டதாயின், அதனைப் பெற்றாரின் இழிகுணமென்று இகழ்தல் நீதியாகாது. வன்னித் துன்பத்தைப்பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அது தனியொருவர் மனத்தை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே புண்படுத்தியதென்று காட்டியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

கைவிடுதல் என்பதும் இவ்வாறே ஆராய்ந்து சொல்லற்பாலது. தந்தை இரவிலே கடற்றொழிலுக்குச் செல்வான். கணவனை இழந்தவளும், காணாமற்போனவனைத் தேடுபவளும் தனியே குடும்பந் தாங்குவர். அவருள் விடியுமுன் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போவாரும் உளர். பிள்ளை அம்மம்மாவிடம் வளரும். வீட்டில் இல்லாமையையே மனத்தில் இல்லாமையாக எண்ணி, "கவனியாத தாய்" என்று நாம் பெயரிடலாகாது. வட இலங்கையிலே போரால் தாக்குண்ட இடங்களில் 7 முதல் 11 வயதுள்ள 359 பிள்ளைகளை வினாவி 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, போர்க்கொடுமையை மிகக் கண்ட பிள்ளைக்கும் தாய்தந்தையரின் பரிவு ஒரு காப்பாய் நின்று, மனம் ஒடுங்கி வருந்துதலைக் குறைத்தமையைக் கண்டது. பரிவு செல்வத்தால் வருவதன்று. நாளில் கால்மணி நேரமேனும் அதற்குப் போதும்.

இனிக் கைத்தொலைபேசி. அதனைப் பல வீடுகளுட் புகுத்தியவர் யார்? 2020 மார்ச் மாதத்திலே கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களை வாட்ஸ்அப் வழியாக அனுப்பியது பாடசாலையே. ஆகலின், அதில் நிகழ்வதை வீட்டுக் காரியமென்று தள்ளிவிடுதல் உபாத்தியாயர்க்கு ஒல்லாது. அக்கருவி வழியாகச் செய்யுங் கொடுமைக்குச் சில தனியியல்புகள் உள. வகுப்பறையில் வருத்துவோன் பிறன் கண்ணீரைக் காண்பான். கண்டு நிறுத்துவோரும் உளர். தொலைபேசியில் அக்கண்ணீர் தோன்றாது. முன்னைக் கொடுமை பாடசாலை மணியோடு ஓயும். இதுவோ படுக்கையினும் பின்தொடரும். அன்றியும், அக்கருவியின் செய்கையிலே மகனே மூத்தோன், தந்தை இளையோன். இதற்கஞ்சிப் பெற்றோர் அதனைப் பறிக்கின்றனர், அல்லது ஒளித்துச் சோதிக்கின்றனர். பறித்தலை அஞ்சியே வருத்தப்படும் பிள்ளை வாய் திறவாதிருக்கின்றது. சுவீடன் தேசத்துப் பதினாலு வயதுப் பிள்ளைகள் 703 பேரை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிபு, பெற்றோர் தம் பிள்ளையின் நடையை அறிவது காவலாலன்று, பெரும்பாலும் பிள்ளை தானே சொல்லுதலால் என்பதாம். சீகாழித் திருக்குளக்கரையிலே சிவபாதவிருதயர் சிறுகோலை ஓங்கினாரேனும், பால் தந்தவர் யாரென்று வினாவியே நின்றார். பிள்ளையார் விடை சொல்லுதற்கு இடமிருந்தது.

உபாத்தியாயருக்கு நேரும் இடர் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். தரம் ஒன்பதிற் படிப்பவன் ஒருவன், தரம் ஏழிலுள்ள ஒருவனின் படத்தை உருக்கெடுத்துக் குழுவில் இட்டான். உபாத்தியாயர் தந்தையை அழைத்து அதிபர் முன்னே அனைத்துங் கூறினார். தந்தை அவ்விடத்தே மகனை அறைந்து, வீட்டிலே இடைவாரால் அடித்தார். அடிபட்டவன் மறுநாட் பாடசாலைக்குப் பின்புறத்தே அவ்வடியைச் சிறியவன்மேல் இறக்கினான். உபாத்தியாயர் சொன்னது மெய்யே. ஆயினும் அம்மெய் எவ்வீட்டுக்குச் சென்று யாதாய் முடியும் என்று எண்ணாது விடுத்தமையாற் கடன் நிரம்பிற்றில்லை. மறைத்தலே நன்றெனின், அதுவும் ஆகாது. அறிதற்குப் பெற்றோர் உரியர், மறைத்தவழிச் சிறியவன் காவலிழப்பான். ஆதலின் முன்னர்ச் சிறியவனுக்குக் காவல் அமைத்து, பின்னரே பெற்றோரைக் காணல் வேண்டும். அதுவும் பலர் முன்னிலையிலன்று. நாணிய தந்தை தன் நாணத்தை மகன் முதுகிலே தீர்ப்பான். ஆண்டுத் தொடக்கத்திற் குற்றமொன்றும் நிகழுமுன்னே ஒருமுறை அவரைக் கண்டு, பிள்ளையிடத்துள்ள நன்மையொன்றைச் சொல்லியிருந்த உபாத்தியாயர்க்கு இது மிக எளிதாகும். வீடே அஞ்சத்தக்கதாயின், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கம் இருக்கின்றது. உபாத்தியாயர் தாமே பிரம்பெடுத்தலோ, அடிப்பானே வெல்வான் என்னும் அப்பாடத்தை வகுப்பிலும் நடத்துதலாம். கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதனை விலக்கியது. உபாத்தியாயர் ஒருவர் அறைந்தமையால் ஒரு மாணாக்கன் செவிப்புலன் கெட்ட வழக்கில், அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு மாறென்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்த்தது.

அங்ஙனமாயின் வருத்திய பிள்ளைமேற் குற்றமில்லையோ? எனின், உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று படித்திருக்கின்றோம். வளர்ப்பு தண்டசக்கரம் போல்வது, செய்தவன் அப்பிள்ளையே. பதினாலு வயதினன் தான் செய்தது இன்னதென்று அறிவான். அடிவாங்கினவன் கணக்குத் தீர்ந்ததென்று எண்ணிவிடுவான். கெடுத்ததைத் தானே திருத்துவானாயிற் கணக்கு அவன் கையிலேயே இருக்கும். படத்தை எக்குழுவில் இட்டானோ அக்குழுவிலேயே அது பொய்யென்றும், செய்தவன் தானென்றும் எழுதல் வேண்டும். அங்கே அழித்தபின்னும் பிறர் தொலைபேசிகளில் அப்படங் கிடக்குமாதலின், பெற்றார் ஒவ்வொருவரிடத்தும் சென்று அழிக்கும்படி கேட்டல் வேண்டும். இஃது ஒருநாளில் முடியாது. அந்நாட்களில் தந்தையேனும் தாயேனும் அம்மம்மாவேனும், ஒருவரும் இயலாதவழி வகுப்பாசிரியரேனும், அவனை மாலைதோறும் அருகிருத்தி, இன்று எத்தனைபேர் அழித்தனர், கேட்டபோது என்ன சொன்னார்கள், அவனுக்கு எப்படி இருந்தது என்று வினாவுதல் வேண்டும்.