யாரிடமிருந்து மூடுவது?

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இரவு கடை பூட்டி, வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ வீடு போய்ச் சேரும் ஒரு தகப்பன், மகனின் தலையணைக்கடியில் கரி பிடித்த அலுமினியத் தாளொன்றைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடு, அதாவது ஹெரோயின், இழுக்கிற தாள். அடியில் சூடு காட்டிய கறுப்பு. மேலே புழு ஊர்ந்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. பெரும்பாலும் அவர் அதைக் கசக்கி எறிந்துவிடுவார். மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார். "வெளியில தெரிஞ்சா தங்கச்சிட கலியாணம் என்னாகும்?"

கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கு மார்க்கமே கைகொடுக்கும். பிறர் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்று நபிமொழி உண்டு. கொச்சிக்கடையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவர், கேட்டதை எவரிடமும் வாய்திறக்கக் கூடாது. செட்டியார் தெருக் கோயிலுக்குப் போகிற குடும்பம் இதையே மானம் என்கிறது. ஆக, மூன்று வழியிலும் மூடுவது அறம்தான். யாரிடமிருந்து மூடுவது என்பதில்தான் சிக்கல்.

நபிகள் காலத்தில் மது குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிப் புகாரி கிரந்தத்தில் ஒரு செய்தி வருகிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் அவரைச் சபித்தார். நபிகள் தடுத்தார், அந்த மனிதர் இறைவனையும் தூதரையும் நேசிப்பவர் என்றார். அங்கே குற்றத்தை எவரும் மறைக்கவில்லை, தண்டனையும் நடந்தது. ஆளை வெளியே தள்ளத்தான் இடம்கொடுக்கப்படவில்லை.

கத்தோலிக்கரிடம் இன்னும் நெருக்கமான கதை இருக்கிறது. வழிதவறிய பிள்ளைக்காக அழும் தாய்மார் மன்றாடுகிற புனித மோனிக்கா, சிறுமியாக இருந்தபோது களவாகக் குடித்தவர். சொன்னது வேறு யாருமல்ல, மகன் அகுஸ்தீனார். சாப்பாட்டு நேரம் தவிரத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாத கண்டிப்பான ஒரு கிழவி அந்த வீட்டில் இருந்தார். பீப்பாவிலிருந்து திராட்சைரசம் எடுத்துவரப் போன மோனிக்கா, முதலில் உதட்டை மட்டும் நனைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கலானார். கிழவிக்குத் தெரியவே தெரியாது. கூடப்போன வேலைக்காரப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் சண்டையில் அவள் "குடிகாரி" என்று ஏசிய பிறகுதான் மோனிக்கா விட்டார். ஏச்சுத்தான் மருந்து என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் நோகடிக்க நினைத்தாளே தவிரத் திருத்த நினைக்கவில்லை என்று அகுஸ்தீனாரே எழுதுகிறார். புறக்கோட்டையிலும் அப்படித்தான்: முதலாளிக்குத் தெரியாதது, பார்சல் கட்டும் பொடியனுக்கும் வண்டி தள்ளும் நாட்டாமிக்கும் தெரிந்திருக்கும்.

கூட இருப்பவன் கண்ணில் என்ன படும்? ஐஸ் (மெத்தம்பெட்டமின்) எடுப்பவன் இரண்டு மூன்று இரவு உறங்கமாட்டான், பசியும் இருக்காது. பிறகு அடித்துப்போட்டாற்போல் கிடப்பான். குடு எடுப்பவனின் கண்மணி சுருங்கிப்போகும். புகையிலை கலந்து மெல்லும் மாவாவும் பாபுலும் பல்லில் கறையாய் நிற்கும். பழைய கூட்டாளிகள் காணாமல்போவார்கள், லாச்சியில் காசு குறையும். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பாயவும் முடியாது. பரீட்சை வந்தாலும் பிள்ளைகள் உறங்குவதில்லை.

மூடுவதில் பயமும் இருக்கிறது, நியாயமான பயம். 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் சிறையோ கிடைக்கலாம். 2023 டிசம்பர் 17இல் பொலிஸ் தொடங்கிய 'யுக்திய' போதை ஒழிப்பு நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கைதானார்கள், மறுமாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். இதையெல்லாம் பார்த்த தாய், பொலிஸுக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பதில் என்ன பிழை? ஆனால் அதே மூச்சில் அவள் வைத்தியரிடமும் மறைக்கிறாள். இத்தனைக்கும், 1984இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கமையில் சிகிச்சை நிலையம் இருக்கிறது, ஆலோசனை கேட்க 1927 என்ற இலக்கமும் இருக்கிறது.

எல்லாரையும்விட முக்கியமாக, பிள்ளையிடமே மறைக்கிறார்கள். தங்களுக்குத் தெரியும் என்பதை. போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டுவது வீண் என்று வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கைவிரித்துவிட்டார், சரி. விடிந்த பிறகு, தெளிந்திருக்கும்போது பேசுவதை அவர் தடுக்கவில்லை. "மகன், அந்தத் தாள நான் கண்டன். ஏச வரல்ல. எத்தின நாளா?" இவ்வளவு போதும் தொடங்க.

நேர்த்தி வைக்கிற வீடுகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் திருத்தலத்தில் மெழுகுதிரி கொளுத்திச் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். வாங்கட்டும். கூடவே மருந்தும் தொடங்காவிட்டால், குடு நின்ற இரண்டாம் மூன்றாம் நாள் உடம்புவலி, வாந்தி, வயிற்றோட்டம் தாங்காமல் பையன் மறுபடி தெருவில் இறங்குவான். வீடு அதைச் சத்தியம் மீறிய பாவமாகப் பார்க்கும். அவனும் அப்படித்தான் பார்ப்பான். அடுத்த முறை இன்னும் கவனமாக ஒளிப்பான்.